மாரடைப்பில் போனவரின் பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் பக்கம் ஒரு இதய நல முகாம் நடந்தது. பிரஷர் பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள். என் மைனி தன் மகனைக் கூட்டிப்போய், "இவனுக்குக் கொலஸ்ட்ரால் பார்க்கணும்" என்று கேட்டிருக்கிறார். "பதினோரு வயசுப் பையனுக்கு எதுக்கும்மா? வீட்டுல தேங்காயைக் குறைங்க" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பையனின் அப்பா, என் அண்ணன், 41 வயதில் மாரடைப்பில் போனவர். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறி இறங்கிய ஒல்லி உடம்பு. பீடி, குடி எதுவும் கிடையாது. கண்ணிமையோரம் மஞ்சள் தடிப்பு இருந்தது, குதிகாலுக்கு மேலே தசைநாண் தடித்திருந்தது. காய்ச்சல், இருமல் என்று போனபோது பார்த்த எந்த டாக்டரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மைனி முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறவர். ஒரு நாள் கூலியை விட்டு, தனியார் லேபில் காசு கட்டினார். பையனின் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 238. அந்த வயதுக்கு மிக அதிகம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் அரைச்சு ஊத்துன தேங்காதான் இவங்கப்பாவையும் கொன்னுதா?" என்று கேட்டார். முகாமில் இலவசமாகக் கிடைத்தது இந்தக் குற்றவுணர்வு ஒன்றுதான்.

உங்களுக்குத் தெரியாததல்ல. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை ஈரல் செல்கள், மேலே இருக்கும் ஏற்பிகள் என்ற புரதங்களால் பிடித்து உள்ளிழுக்கின்றன. இதைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இலேயே நோபல் பரிசு கொடுத்தாயிற்று. ஏற்பிக்கான மரபணு பழுதாக இருந்தால் பிறந்த நாள் முதலே கொழுப்பு தேங்கும். அண்ணனின் கண்ணிமை மஞ்சளும் குதிகால் தடிப்பும் அதன் அடையாளங்களாக இருக்கலாம். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் கோளாறு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மருந்தில்லாமல் விட்டால் ஆண்களில் பாதிப்பேருக்கு 50 வயதுக்குள் இதயநோய் வந்துவிடும்.

மறுபக்கமும் உண்டு. பிசிஎஸ்கே9 என்ற மரபணு செயலிழந்து பிறந்தவர்களுக்கு எல்டிஎல் ஆயுள் முழுக்கக் குறைவு, மாரடைப்பும் அரிது. தேங்காயெண்ணெயில் பொரித்த மீனோடு தொண்ணூறு தாண்டிய பாட்டிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்; அவர்களில் சிலர் இப்படிப் பிறந்தவர்களாக இருக்கலாம். அவர்களைக் காட்டி வாட்ஸ்அப்பில் வைத்தியம் சொல்கிறவர்களை என்ன செய்ய!

நாங்கள் கேட்பது ஒன்றுதான். 50 வயதுக்குள் மாரடைப்பு வந்தவரின் பிள்ளைகளுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் அரசுச் செலவில் லிப்பிட் பரிசோதனை, அதாவது ரத்தக் கொழுப்புப் பரிசோதனை. நெதர்லாந்தில் 1994 முதல் இப்படிக் குடும்பம் குடும்பமாகத் தேடிப் பிடித்தார்கள். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருகிறவருக்குக் கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரை வைத்திருக்கிறீர்கள், நல்ல காரியம். நெஞ்சு வலிக்கும்வரை காத்திருந்தால்தான் அந்த மாத்திரைக்குத் தகுதியா? பேனருக்கும் பொன்னாடைக்கும் கிடைக்கிற காசு ஒரு ரத்தப் பரிசோதனைக் குழாய்க்குக் கிடைக்காதா? சரி, அது கிடக்கட்டும்.

தயவுசெய்து, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொடங்கி எல்லா அரசு மருத்துவமனைகளிலும், இளவயது மாரடைப்பு நோயாளியின் டிஸ்சார்ஜ் தாளில் 'குடும்பத்தாருக்கும் லிப்பிட் பார்க்கவும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு வசதியும் செய்து தாருங்கள்.

மைனிக்கு இளைய மகள் ஒருத்தி இருக்கிறாள், ஆறு வயது. அவளுக்கு இன்னும் பார்க்கவில்லை. எந்த நிலையத்துக்கு, எந்தக் கிழமை கூட்டிவரலாம் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் தம்பி,
குலசேகரம் பக்கம்