இரண்டு ஆன்டிபயாடிக் சேர்ந்தால் இரட்டைப் பலமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். மருந்துக்கு அடங்காத கிருமிகளை இரண்டு ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்து ஆய்வகத்தில் ஒடுக்குவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில், “அப்போ ரெண்டு மருந்து கலந்த மாத்திரைதான் பவரா?” என்று கேட்கிறார்கள். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எழுதுகிறேன்.

அந்தச் சோதனைக்கு 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு வேண்டும். ஒரு மருந்தைக் குறுக்குவாக்கில் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவோம், மற்றதை நெடுக்குவாக்கில். எல்லாக் குழியிலும் ஒரே அளவு கிருமி. ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் இருந்த தட்டை மறுநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கிருமி வளர்ந்த குழி கலங்கியிருக்கும், வளராதது தெளிந்திருக்கும். கிருமியை நிறுத்த ஒவ்வொரு மருந்தும் தனியாகத் தேவைப்பட்ட அளவில் கால் பங்கே, சேர்க்கும்போது போதும் என்றால், கால் கூட்டல் கால், அரை. இந்தக் கூட்டுத்தொகை அரையோ அதற்குக் கீழோ வந்தால்தான் கைகோத்து வேலை செய்கின்றன என்போம். நாலைத் தாண்டினால் ஒன்றை ஒன்று கெடுக்கிறது. நடுவில் வருவதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; ஒரு குழி முன்னே பின்னே போவது இதில் சகஜம்.

கெடுப்பதும் நிஜம்தான். மூளைக்காய்ச்சலுக்குப் பெனிசிலினோடு டெட்ராசைக்கிளின் வகை மருந்தையும் பெற்றவர்கள், பெனிசிலின் மட்டும் பெற்றவர்களைவிட அதிகம் இறந்ததை 1951-லேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

தட்டில் ஜெயித்த ஜோடி உடம்பிலும் ஜெயிக்கும் என்று சொல்லிவிட முடியாது. கொலிஸ்டின், மெரோபெனம் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளும் தட்டில் நன்றாகவே ஜோடி சேரும். 2018-ல் வெளியான மருத்துவ ஆய்வில், கொலிஸ்டின் மட்டும் பெற்றவர்களுக்கும் இரண்டும் பெற்றவர்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. அதற்காக எல்லா ஜோடியும் வீண் என்று சொல்ல வரவில்லை. மருந்துக்கு அடங்காத சில கிருமிகள், ஆன்டிபயாடிக்கை உடைக்கும் என்டிஎம் என்ற நொதியை வைத்திருக்கும்; ஆனால் அந்த நொதியால் அஸ்ட்ரியோனாம் என்ற ஆன்டிபயாடிக்கை உடைக்க முடியாது. அதே கிருமியிடம் இருக்கும் வேறு நொதிகள் உடைத்துவிடும். அவற்றை அவிபாக்டம் என்ற துணை மருந்து அடக்குவதால் அஸ்ட்ரியோனாம்-அவிபாக்டம் ஜோடி எடுபடுகிறது.

கடையில் கிடைக்கும் கலவை மாத்திரைக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். மத்திய அரசு 2018 செப்டம்பரில் தடை செய்த 328 கலவை மருந்துகளில் ஆன்டிபயாடிக் கலவைகளும் இருந்தன.

ஒரு வேண்டுகோள். கிருமிகளின் மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்கும் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வலையமைப்பில் உள்ள புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை, கடலூரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம். அங்குள்ள நுண்ணுயிரியல் துறையினரிடம், முதல் மாத்திரை போடும் முன்பே கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) சிறுநீர் ஏன் கொடுக்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டு வெளியிடுங்கள்.

— ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.