ஆறு வருடம் கழித்தும் படம் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், தொலைக்காட்சிப் போட்டிகளில் மலைக்கவைக்கும் அளவுக்கு எடை குறைத்தவர்களின் 'முன்பு - பின்பு' படங்களைப் போட்டு, 'இவர்களால் முடிந்தது, உங்களால் முடியாதா?' என்று கேட்டிருந்தீர்கள். என் அண்ணனும் தன்னைத்தானே அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு இறங்கியவர். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது அவருக்கு 34 வயது, 112 கிலோ. அந்த மாதிரி நிகழ்ச்சி ஒன்றை ஒரு நாள் விடாமல் பார்த்தார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி. சாப்பாடு, சின்னக் குழந்தை சாப்பிடும் அளவு. ஐந்து மாதத்தில் 34 கிலோ இறங்கியது. பார்த்தவர்கள் எல்லாரும் வாயாரப் புகழ்ந்தார்கள், நானும்தான். ஆனால் ஒரே வீட்டில் இருந்ததால் மற்றவர்கள் பார்க்காததையும் பார்த்தேன். நாங்கள் புழுக்கத்தில் தவிக்கும்போது அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஃபேனை நிறுத்தச் சொல்வார். கையைத் தொட்டால் சில்லென்றிருக்கும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வந்தேன். விளக்குப் போடாமல், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையும் எடுக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் பார்த்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மூன்று வருடத்தில் அந்த 34 கிலோவும் திரும்பி வந்தது, மேற்கொண்டு நாலு கிலோவும் சேர்ந்தது. புகழ்ந்த அதே வாய்கள் "இப்படி விட்டுட்டியேப்பா" என்றன. குடும்பப் படங்களில் அண்ணன் பின்வரிசைக்குப் போனார். கொஞ்ச நாளில் கேமராவை வாங்கிக்கொண்டு படம் எடுப்பவராகவே ஆகிவிட்டார். தனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

அந்த முடிவு தப்பு என்பதற்கு, இந்த வகை நிகழ்ச்சிகளில் மிகவும் பெயர் பெற்ற ஒன்றிலிருந்தே சான்று கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சி 2004இல் தொடங்கிய 'தி பிக்கெஸ்ட் லூசர்' நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2009இல் நடந்த அதன் 8ஆவது சீசனில் கலந்துகொண்டவர்களில் 14 பேரை, அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் ஆறு வருடம் கழித்து மறுபடி வரவழைத்துச் சோதித்தார்கள். முடிவுகள் 2016இல் வெளிவந்தன. 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்களுக்கு, ஆறு வருடத்தில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சும்மா படுத்திருந்தாலே உடம்பு தினமும் இவ்வளவு கலோரி எரிக்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறதல்லவா? போட்டிக்கு முன் அது அவர்களுக்குச் சராசரியாக 2,607. போட்டி முடிந்தபோது 1,996. உடம்பு இளைத்தால் எரிப்பதும் குறையும், அதில் ஆச்சரியம் இல்லை. எடை திரும்பியதும் அதுவும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஆறு வருடம் கழித்து, 41 கிலோ கூடிய பிறகும், 1,903தான். அதே எடை, அதே வயதுள்ள ஒருவரின் உடம்பில் எதிர்பார்க்கக்கூடியதைவிட ஏறக்குறைய 500 கலோரி குறைவு. வயிறு நிறைந்துவிட்டது, போதும் என்று மூளைக்குச் சொல்ல உதவும் லெப்டின் என்ற ஹார்மோன், போட்டி முடிவில் கிட்டத்தட்ட வற்றிப்போயிருந்தது. பிறகும் பழைய அளவுக்கு வரவில்லை. எரிப்பது குறைவு, பசியோ அதிகம். இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் மனிதர் என்ன செய்வார்? பரிசுத்தொகையைப் பற்றி உடம்புக்குத் தெரியாது. பஞ்சம் வந்துவிட்டது என்றுதான் அதற்குத் தெரியும். இதே ஹால், 2021இல் தன் முடிவுகளை மறுபடி அலசி, அளவு மீறிய உடற்பயிற்சிக்கு உடம்பு தரும் பதிலாகவும் இந்தச் சிக்கனம் இருக்கலாம் என்று எழுதினார். எப்படிப் பார்த்தாலும் இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல வழியில்லை.

இந்த 14 பேரின் கணக்கைப் படித்த அன்று நான் அழுதேன். அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப நான் மட்டும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த நிகழ்ச்சிகள் நாலு பேரை எழுப்பி நடக்கவாவது வைக்கின்றனவே என்பார்கள். உண்மைதான், அண்ணன் முதல் நாள் ஷூ போட்டது அதைப் பார்த்துத்தான். ஆனால் எழுப்பிவிட்ட கையோடு எந்த வேகத்தை அது காட்டிக்கொடுக்கிறது? அதே 8ஆவது சீசனின் தொடக்கத்தில் கடற்கரையில் ஒரு மைல் ஓடவிட்டார்கள். ஒரு பெண் சுருண்டு விழுந்து மருத்துவமனைக்குப் போனார். பார்த்துக்கொண்டிருப்பவர்களையும் இது சும்மா விடுவதில்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நிகழ்ச்சியை 40 நிமிடம் பார்த்தவர்களுக்குப் பருமனானவர்கள் மீது வெறுப்பு கூடியிருந்தது. கத்தித் திட்டினால் எடை குறையும் என்று மாதக்கணக்கில் காட்டினால், குறையாதவரைப் பார்க்கும் கண் மாறாமல் என்ன செய்யும்?

குறைத்த எடையைக் காப்பாற்றியவர்களும் அந்த 14 பேரில் இருக்கிறார்கள். உடலுழைப்பை வருடக்கணக்கில் விடாமல் வைத்திருந்தவர்கள் அவர்கள். மிதமான வேகத்தில் என்றால் நாளுக்குச் சுமார் 80 நிமிடம் தேவைப்படுகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வேலை, பிள்ளைகள், முழங்கால் வலி எல்லாவற்றுக்கும் நடுவில் தினமும் 80 நிமிடம்! நான் கும்பிடுவது அதைத்தான். அதை எந்த சேனலும் காட்டியதில்லை.

ஆரோக்கியம்தான் நோக்கம் என்றால் அவ்வளவு கூட வேண்டியதில்லை. 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,000க்கு மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்கள் எல்லாரும். அவர்களில் ஒரு பிரிவினருக்கு 7 சதவீத எடைக் குறைப்பும், வாரம் 150 நிமிட உடலுழைப்பும் இலக்கு. அந்தப் பிரிவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. நூறு கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஏழே கிலோ. ஏழு கிலோவுக்கு யாரும் மேடையில் கைதட்ட மாட்டார்கள். 'பின்பு' படத்தில் வித்தியாசம் கூடச் சரியாகத் தெரியாது.

அண்ணன் இப்போது தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறார், வயிறாரச் சாப்பிடுகிறார். ஒன்பது கிலோ குறைந்து, இரண்டு வருடமாக அப்படியே நிற்கிறது. சர்க்கரை அளவும் கட்டுக்குள் வந்திருக்கிறது. இதுவரை ஒருவர்கூட அவரிடம் "இளைச்சிட்டீங்களே" என்று கேட்கவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இனி இந்த மாதிரிப் படங்களைப் போட்டால், மூன்றாவதாக ஒரு படத்துக்கும் இடம் விடுங்கள்: ஐந்தாறு வருடம் கழித்து எடுத்தது. எடை கூடியிருந்தால் கூடியதாகவே போடுங்கள், ஏன் கூடியது என்று ஒரு மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். அப்படி ஒரு பக்கம் வந்தால் அந்த இதழை முதலில் அண்ணன் கையில்தான் கொடுப்பேன். சென்ற இதழை அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி