காசிமேட்டு லாஞ்சுகளுக்கும் கரையில் நின்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

பங்குனி ஆமைகள் எனும் கடலாமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் பருவம் ஓய்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிட்டது. காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரை நெடுக, ஆமைகளைக் காக்கும் இந்த விழிப்புணர்வுப் பிரசாரத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல இதுதான் தோதான நேரம். யார் என்ன செய்தீர்கள், அது ஏன் பலித்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். அடுத்த பருவத்தில் வேறொரு குப்பத்தில் யாராவது இதைத் தொடங்கினால் அவர்களுக்கும் உதவும்.

சென்னையில் ஆமை என்றாலே மெரினாவிலிருந்து நீலாங்கரை வரையிலான மணற்கரைதான் நினைவுக்கு வரும். எழுபதுகளின் தொடக்கத்திலேயே இரவில் நடந்து கூடுகளைத் தேடும் வழக்கம் அங்கே வந்துவிட்டது. 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று அதை விடாமல் செய்துவருகிறது. வடக்கே நிலைமை வேறு. ராயபுரம் தாண்டி எண்ணூர் வரை, கடலரிப்புக்காகக் கொட்டிய பாறாங்கற்கள்தான் பெரும்பாலும் கரை. முட்டையிட வரும் ஆமையால் அதில் ஏற முடியாது. "கூட்டைக் காப்போம், குஞ்சை விடுவோம்" என்ற பலகையை இங்கே கொண்டுவந்து நட்டுப் பிரயோஜனமில்லை. இங்கே இருப்பது துறைமுகமும், லாஞ்சு எனும் இழுவை விசைப்படகுகளும். 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தவை பல. தண்ணீருக்குள் மூச்சு முட்டி இறந்ததற்கு அது அடையாளம். ஆமைக்கு நுரையீரல்தான். வலைக்குள் சிக்கித் திமிறும்போது உள்ளே இழுத்து வைத்திருக்கும் காற்று வேகமாகத் தீர்ந்துவிடும். வலையை இழுத்துப் போகும் ஓர் இழுப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவெனக் குறையும். லாஞ்சில் ஓர் இழுப்பு இரண்டு மூன்று மணி நேரம்கூடப் போகும். அதனால் வடசென்னையில் பிரசாரம் பேச வேண்டிய ஆள், வலையைச் சுருட்டி இழுக்கும் விஞ்சுக்குப் பக்கத்தில் நிற்பவர்.

ஆகவே முதல் நன்றி லாஞ்சு டிரைவர்களுக்கும் டெக்கில் வேலை செய்பவர்களுக்கும். "ஆமையைக் காப்பாத்துங்கன்னு சொல்றீங்க, மடியைக் கொட்டினதும் அது எதிர்ல கிடக்கறப்ப நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று கேட்டது நீங்கள்தான் (மடி என்பது மீன் சேரும் வலைப் பை). அந்தக் கேள்வியிலிருந்துதான் கேபினில் தொங்கும் அட்டை பிறந்தது. அதில் இருப்பது ஒரே ஒரு வேலை: அசையாமல் கிடக்கும் ஆமையை என்ன செய்வது. செத்ததுபோலத் தெரிவதில் பல, மயங்கிக் கிடப்பவை. அப்படியே கடலில் தள்ளினால் கட்டாயம் மூழ்கிச் சாகும். வயிறு தரையில் படும்படி வைக்க வேண்டும். மல்லாத்தக் கூடாது, மல்லாந்தால் உள்ளுறுப்புகளின் பாரம் நுரையீரலை அழுத்தும். பின்பக்கத்தை அரை அடியாவது உயர்த்தினால் உள்ளே போன தண்ணீர் மூக்கு வழியாக வடியும். பழைய டயரோ மடித்த வலையோ போதும். நிழலில் வைத்து, ஓட்டின் மேல் ஈரச் சாக்கைப் போடலாம், மூக்கை மட்டும் மூடக் கூடாது. தண்ணீர்த் தொட்டியில் இறக்கக் கூடாது, வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. அவ்வப்போது கண்ணோரத்தையும் வாலையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள், சிலிர்த்தால் உயிர் இருக்கிறது. குறைந்தது 4 மணி நேரம், தேவைப்பட்டால் 24 மணி நேரம் வரை பொறுக்கலாம். விடும்போது இன்ஜினை நியூட்ரலில் வைத்து, வலை தண்ணீரில் இல்லாத நேரமாகப் பார்த்து, பின்பக்கமாகத் தண்ணீரோடு ஒட்டி இறக்க வேண்டும். ஆமையின் துடுப்புக் காலில் உலோகத் தகடு இருந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அது எங்கோ யாரோ அடையாளமிட்ட ஆமை.

இந்த அட்டையை எழுத்தில்லாமல் படங்களாக வரைந்துகொடுத்த பெயின்டர் அண்ணனுக்குத் தனி நன்றி. ஆந்திரா, ஒடிசாவிலிருந்து வந்து லாஞ்சுகளில் வேலை செய்பவர்களுக்குத் தமிழ் எழுத்து உதவாது. ஒடிசாக்காரர்கள் படத்தைப் பார்த்ததுமே சிரித்தார்கள். ருசிகுல்யாவிலும் கஹிர்மாதாவிலும் லட்சக்கணக்கில் ஆமை கரையேறுவதைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு நாம் பாடம் எடுப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

சட்டத்தை அட்டையின் அடியில் சின்னதாகப் போடச் சொன்ன சங்கப் பெரியவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். பங்குனி ஆமை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இதைத் தலைப்பாகப் போட்டால் நடப்பது என்ன? தவறுதலாக வலையில் ஏறிய ஆமையையும் ஆள் பார்க்காமல் கடலில் தள்ளிவிடுவார்கள், தகவல் வராது. ஜெயிலைக் காட்டிப் பேசும் பிரசாரம், ஆமையைவிட அதிகாரிக்குத்தான் நிம்மதி தரும் என்பது எங்கள் கருத்து.

வலை பின்னும் கூடத்தில் உட்கார்ந்து ஆமை விலக்கி எனும் கம்பிச் சட்டத்தை அலசிய வலைக்காரர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். தெரியாதவர்களுக்காக: இழுவை வலையின் உடலும் மடியும் சேரும் இடத்தில், நீள்வட்டக் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகத் தைப்பார்கள். இறாலும் சிறுமீனும் கம்பிகளுக்கு நடுவே மடிக்குள் போய்விடும். ஆமை கம்பியில் மோதி, சாய்வோடு சறுக்கி, மேலே விட்டிருக்கும் வாசல் வழியாக வெளியேறும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கென்று வடிவமைத்ததில் கம்பி இடைவெளி 142 மில்லிமீட்டர். அதன் சோதனைகளில் இறால் இழப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. சட்டம் வைத்தால் பாதிப் பிடி போய்விடும் என்ற பேச்சுக்கு அந்த எண் பதில் சொல்லும், ஆனால் சரியாகத் தைத்தால் மட்டும். சாய்வு 45 பாகையை ஒட்டி இருக்க வேண்டும். 55-ஐத் தாண்டிச் செங்குத்தானால் ஆமை சறுக்காமல் கம்பியிலேயே அப்பிக்கொள்ளும். 30-க்குக் கீழே படுத்தால் மீன் வாசலை நோக்கிப் போய்விடும். சட்டத்தின் எடைக்கு ஈடாக மிதவை கட்டாவிட்டால் வலை அந்த இடத்தில் தொங்கி, சாய்வே மாறிவிடும். மழைக்குப் பிறகு கூவம், கொசஸ்தலை வழியாகக் கடலுக்கு வரும் பிளாஸ்டிக்கும், சொறிமீன் கூட்டமும் கம்பியை அடைக்கும். அடைத்தால் மடிக்குள் ஒன்றும் போகாது. அந்தக் கோபத்தில்தான் வாசலைக் கயிறு போட்டுக் கட்டிவிடுகிறார்கள், கட்டிய பிறகு சட்டம் இருந்தும் இல்லாத கணக்கு. ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பியைத் துடைப்பது, வாசல் மூடியின் தையலைப் பார்ப்பது என்ற இரண்டையும் வழக்கமாக்கச் சொன்னது வலைக்காரர்கள்தான். எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இது இல்லை.

லாஞ்சு முதலாளிகளிடம் கருணையைப் பேசாமல் விலையைப் பேசிய ஏற்றுமதி வியாபாரிகளுக்கும் நன்றி. ஆமை விலக்கி இல்லாத வலையில் பிடித்த கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை, 1989-லிருந்து அங்கே அதற்குச் சட்டம் இருக்கிறது. அவர்கள் ஒப்பும் கம்பி இடைவெளி 4 அங்குலம், நம் 142 மில்லிமீட்டரைவிடக் குறுகலானது. புதிதாகக் கம்பிச் சட்டம் அடிப்பவர்கள் இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆமைப் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்ற விதியை, ஜிபிஎஸ் திரையில் கோடாக வரைந்துகொடுத்த தம்பிகளே, நீங்கள் செய்தது சின்ன வேலை இல்லை. 5 கடல் மைல் என்றால் ஒன்பதேகால் கிலோமீட்டர். இருட்டில் கரை விளக்கைப் பார்த்து அதைக் குத்துமதிப்பாகச் சொல்ல முடியாது. ஆழத்தை வைத்துச் சொன்னாலும் இடத்துக்கு இடம் மாறும்.

ஃபைபர் படகுக்காரர்களின் சிக்கல் வேறு. திருக்கை வலைபோன்ற பெருங்கண் வலையில் ஆமை சுற்றிக்கொண்டால், வலையை அறுப்பதா துடுப்பை அறுப்பதா என்ற நிலை வரும். துடுப்பில்லாமல் கரையொதுங்கும் ஆமைகள் அதற்குச் சாட்சி. கழுத்துச் சுற்றை முதலில் விடுவித்து, பிறகு துடுப்புகளை எடுத்து, கடைசியாகத் தேவையான வலைக்கண்ணை மட்டும் அறுத்தால் கிழிசல் சிறிதாக இருக்கும் என்று செய்துகாட்டிய எண்ணூர் அண்ணன்மாருக்கு நன்றி. மகாராஷ்டிராவில் 2018 முதல், பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு அரசே ₹25,000 வரை ஈடு கொடுக்கிறது. கைப்பேசியில் எடுத்த படம்தான் ஆதாரம். இங்கும் அப்படியொன்று வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கிய மகளிர் குழுக்களை மறக்க மாட்டோம்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம், சுவரே போதும் என்றவர்களும் சரியாகச் சொன்னார்கள். உப்புக் காற்றில் ஃப்ளெக்ஸ் ஒரு மாதத்தில் கிழிந்து, அதுவும் கடலுக்குத்தான் போகும். எனாமல் பெயின்ட் ஒரு பருவம் தாங்கும். பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது கணக்கு. துறைமுக வாசலில் முப்பது அடி தள்ளி நிற்பவர் படிக்க மூன்று அங்குலம் வேண்டும், அந்த அளவில் ஆறேழு சொல்லுக்கு மேல் சுவர் தாங்காது. ஏல நேரத்தில் மைக்கை எடுக்காதீர்கள், மீன் விலையைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாது என்று தடுத்த மீன்கார அம்மாக்கள், பிறகு தங்கள் குரலிலேயே நாற்பது நொடி வாய்ஸ் மெசேஜ் பேசிக்கொடுத்தார்கள். அச்சடித்த எதையும்விட அது தூரம் போனது. மாசித் திருவிழாவில் ஸ்பீக்கர் தந்த திருவொற்றியூர் மைக்செட்காரருக்கும் நன்றி.

பள்ளி ஆசிரியர்களுக்கு. ஓவியப் போட்டிக்குப் பதிலாக நீங்கள் கொடுத்த வீட்டுப்பாடம் அருமை: "மடி எவ்வளவு நேரம் தண்ணியில இருக்கும்னு அப்பாகிட்ட கேட்டு எழுதிட்டு வா." மணல் நிரப்பிய டிரம்மில் 45 சென்டிமீட்டர் குழி தோண்டி, நூற்றுப் பத்து டேபிள் டென்னிஸ் பந்துகளைப் போட்டு மூடிய பாடத்தையும் மற்ற பள்ளிகள் எடுத்துக்கொள்ளலாம். முட்டையின் அளவும் நிறமும் ஏறக்குறைய அதேதான். அப்படியே முட்டையை ஏன் புரட்டக் கூடாது என்றும் சொல்லலாம்: இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் அறுந்து செத்துவிடும். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்" என்று பிள்ளைகள் ஆரம்பித்தபோது அதட்டாமல், ஆமை வீட்டுக்குள் வர விரும்புவதே இல்லை என்று சிரித்துக் கடந்த ஆசிரியைக்கு ஒரு சபாஷ்.

குஞ்சு விடும் நிகழ்ச்சியைக் கேட்டு நெருக்காததற்கும் நன்றி. விருந்தினர் வருகைக்காகக் குஞ்சுகளைக் கூடையில் காலைவரை காக்கவைத்தால், நீந்த வேண்டிய தெம்பைச் சுற்றிச் சுற்றி ஊர்ந்தே தீர்த்துவிடும். கைப்பேசி வெளிச்சம் பட்டால் கடலை விட்டுத் திரும்பும்.

கரையொதுங்கிய உடல்களை அகற்றிய தூய்மைப் பணியாளர்களே, யாரும் மேடையில் உங்கள் பெயரைச் சொல்வதில்லை. படமெடுத்து, ஓட்டின் நீளத்தை டேப்பால் அளந்து, இரண்டாம் முறை எண்ணாமலிருக்கப் பெயின்ட் அடித்து, அலை எட்டாத மேட்டில் நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்தீர்கள். அந்தக் குறிப்பேடு இல்லாவிட்டால் எந்த வாரம், எந்தக் கரை என்று பேச எங்களிடம் எதுவும் இருந்திருக்காது. நாற்றத்தையும் பாராமல் அறுத்துச் சோதித்த கால்நடை மருத்துவர்களுக்கும், நள்ளிரவிலும் போனை எடுத்த வனத்துறை ஊழியர்களுக்கும் இதே வணக்கம்.

லாஞ்சுகள் பழுதுபார்ப்பில் நிற்கின்றன, வலைகள் பிரித்துக் கிடக்கின்றன. ஜூன் 14-க்குள் தைத்தால்தான் கம்பிச் சட்டம் வலையோடு கடலுக்குப் போகும். டிசம்பரில் போய்க் கேட்டால் ஓடும் வலையை யாரும் பிரிக்க மாட்டார்கள். கம்பி வளைத்துத் தர ஒப்புக்கொண்ட வெல்டிங் பட்டறைக்காரருக்கு நன்றியை முன்பணமாகத் தந்துவிடுகிறோம். சாய்வு அளக்கும் மட்டப்பலகையை மட்டும் கையோடு எடுத்துவாருங்கள், அண்ணே.

நன்றியுடன்,
ஆமைப் பிரசாரத் தன்னார்வலர்கள்,
வடசென்னை