சுவீப்ஸ்டேக்ஸ் கப்பலின் உள்ளே நுழைய வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை வந்தால் ரொறன்ரோவிலிருந்து ஹியூரன் ஏரிக்கரை ஊரான ரொபர்மோரிக்குச் செல்லும் நம்மவர்களுள் சிலர் இப்போது சுழியோடவும் இறங்குகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அங்குள்ள பிக் டப் துறையில், ஏறத்தாழ ஆறு மீற்றர் ஆழத்தில், 1867இல் கட்டப்பட்ட சுவீப்ஸ்டேக்ஸ் என்னும் இருபாய்மரக் கப்பல் கிடக்கிறது. 1885இல் கோவ் தீவருகே சேதமுற்று, இத்துறைக்கு இழுத்து வரப்பட்டு, இங்கேயே மூழ்கியது. கடலாக இருந்திருந்தால் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு அதை எப்போதோ அரித்து முடித்திருக்கும். ஹியூரன் ஏரியின் நன்னீரில் அப்புழு வாழ்வதில்லை, நீரும் குளிர்ந்தது. அதனால்தான் விலாப்பலகைகள் இன்றும் பொருத்துக் குலையாமல் நிற்கின்றன. முன்தளத்தில் நங்கூரச் சங்கிலியைச் சுற்றும் மர உருளையைக்கூடக் காணலாம்.

புழுவுக்குத் தப்பிய இம்மரத்துக்கு நம் மூச்சே கேடாகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. தளத்துக்குக் கீழே நுழையும் சுழியோடி வெளிவிடும் காற்று வெளியேற வழியின்றிப் பலகைகளின் அடிப்புறத்தில் தேங்கி, அவற்றை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஒருவரது மூச்சு சிறிதாயினும், கோடைதோறும் வருவோர் எல்லாருடைய மூச்சும் சேரும்போது நூற்றாண்டு கடந்த ஆணிகள் அதை எவ்வளவு காலம் தாங்கும்? துடுப்புக்கால் பட்டுச் சிதைவது வேறு. கப்பலில் ஒட்டிப் படரும் வரிக்குதிரைச் சிப்பிகளை நாம் தடுக்க இயலாது. நம் கைகளையும் கால்களையும் தடுக்கலாம்.

1987இல் அமைக்கப்பட்ட பாதம் பைவ் (Fathom Five) தேசிய கடற்பூங்காவுக்குள் இக்கப்பல் அடங்குகிறது; பதிவு செய்த பின்னரே அங்கு சுழியோட வேண்டும். பதிவுச் சீட்டு மட்டும் போதாது என்பது என் கருத்து. நீரில் மிதப்பைச் சீராகப் பேணக் கற்காதவர் இக்கப்பலருகே செல்லாமல், கரையோரத்தில் பயில்வதே முறை. உள்ளே புகாமல் பக்கவாட்டில் நீந்தினாலே பார்க்க வேண்டியவை அனைத்தும் தெரியும். அருகிலேயே, 1907இல் தீப்பற்றி மூழ்கிய சிற்றி ஒப் கிராண்ட் ராப்பிட்ஸ் நீராவிக் கப்பலின் அடிப்பகுதியும் உண்டு.

தமிழில் சுழியோடப் பயிற்றுவிப்போர், மாணவரைப் படகில் ஏற்றுமுன் காற்றுத் தேங்குவதன் விளைவை விளக்கிச் சொல்லுமாறு வேண்டுகிறேன். தங்கள் பத்திரிகையின் கோடைப் பயணக் குறிப்புகளிலும் இதற்கு இடமளித்தால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
சுழியோடும் வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ