தீர்மான நோட்டில் நான் எழுதாமல் விட்ட நான்கு வரி

எங்கள் தெரு மகளிர் குழு அக்காக்களுக்கும் பெரியம்மாக்களுக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மூன்று தீர்மானம் சொன்னீர்கள். சேமிப்புப் பண வசூல், வங்கித் தவணை இரண்டையும் எழுதிவிட்டேன். மூன்றாவதற்கு நான்கு வரி இடம் விட்டு, கீழே எல்லோரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் தலைவி பெரியம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, நடுவுல வெறுமனே வுட்டுக்கீற?" என்று கேட்டார். பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றேன். பொய்தான். கூட்டத்தில் எழுந்து நின்று பேச எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன தீர்மானம் இது. பத்தாவது தாண்டிய பெண்பிள்ளைகள் கையில் போன் கொடுக்கக் கூடாது. காட்பாடி ஸ்டேஷனில் பையோடு நின்ற அந்தப் பெண்ணுக்கு ஆவணிக்குள் ஓர் இடம் பார்த்து முடித்துவிட வேண்டும். செலவுக்குக் குழுவின் உள்கடனில் இருந்து 30,000 தரலாம்.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. 17 வயது. இந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்தாள். நம் தெரு ஆட்டோ அண்ணன் காட்பாடியில் பார்த்து, திட்டாமல் கொள்ளாமல் வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டார். அவருக்கு இருந்த பக்குவம் நமக்கு இல்லை. அன்று ராத்திரியே தெரு முழுக்க ஒரே கேள்விதான்: "பையன் யாரு?"

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்ததும் நான் அவள் வீட்டுக்குப் போனேன். நான் பையனைக் கேட்கவில்லை. பையில் என்ன வைத்திருந்தாய் என்று கேட்டேன். இரண்டு சுடிதார், ஒரு பவுடர் டப்பா, ஆதார் அட்டை, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், டி.சி. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில், மழையில் நனையாதபடி இரண்டு மடிப்பாகச் சுற்றி வைத்திருந்தாள்.

காதலுக்காக ஓடுகிறவள் டி.சி.யை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறாள் அக்கா?

பையன் ஒருவன் இருந்தான், இல்லை என்று சொல்லவில்லை. மூன்று மாதம் போனில் பேசியவன். பெங்களூரில் வேலை என்றானாம். அன்றைக்கு வரவில்லை. நல்லதாகப் போயிற்று. ஆனால் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு அவள் கிளம்பியது அந்த வீட்டை விட்டுத்தான். அங்கே ராத்திரி ஒன்பதரைக்கு மேல் என்ன சத்தம் கேட்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உடனே டிவி சத்தத்தைக் கூட்டி வைப்போம். எங்கள் வீட்டில் அதே சத்தம் வந்த வருடங்களிலும் நீங்கள் கூட்டித்தான் வைத்தீர்கள். இப்போது நானும் கூட்டுகிறேன்.

"கதைப் புத்தகமும் போனும்தான் இதுங்களைக் கெடுக்குது" என்று கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா, அந்தக் கதைகளை உங்களுக்குப் படித்துக் காட்டியவளே நான்தானே?

மறந்திருக்க மாட்டீர்கள். நான் ஒன்பதாவது படிக்கும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் கடையில் மாத நாவல்களை வாடகைக்குக் கொடுப்பார்கள். சாயங்காலம் எங்கள் திண்ணையில் நீங்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவீர்கள். ஈரச் சாக்கில் சுற்றி வைத்த இலையின் வாசனையும் தூளின் நெடியும் மூக்கில் ஏற, சுவரில் சாய்ந்து நான் உரக்கப் படிப்பேன். கதாநாயகன் உயரமாக இருப்பான். முன்கோபி, ஆனால் உள்ளுக்குள் தங்கம். கதாநாயகிக்குக் குடிகார அப்பாவோ கொடுமைக்காரச் சித்தியோ கட்டாயம் இருப்பார்கள். கடைசியில் அவன் வந்து, அத்தனை பேர் முன்னால் அவள் கையைப் பிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு போவான். அந்த இடம் வந்தால் உங்கள் கை நின்றுவிடும். ஒருமுறை தலைவி பெரியம்மா இலை வெட்டின கத்தரிக்கோலை அந்தரத்தில் பிடித்தபடி "அப்புறம்?" என்றார். 25 பீடி ஒரு கட்டு. சாதாரண அத்தியாயம் படித்து முடிப்பதற்குள் அம்மா மூன்று கட்டு போட்டுவிடுவாள். கார் வரும் அத்தியாயத்தில் ஒன்றுதான் தேறும்.

உங்களுக்கு அது ஒரு சாயங்காலப் பொழுது. எனக்கு அப்படி இல்லை. கைலித் தறி ஓட்டிக்கொண்டிருந்த நைனாவுக்கு வேலை போய், மூட்டை தூக்கப் போய், குடி பழகிய காலம் அது. ராத்திரி அவர் வரும் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எப்படி என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள். நான் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு காரை வரவழைப்பேன். வெள்ளைக் கார். வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை, ஆறு உண்டு தண்ணீர் இல்லை. (சாமி 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளமே வந்தது. ராஜா மட்டும் இன்னும் வரக் காணோம்.) இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் நான் ராஜகுமாரனை எதிர்பார்த்தேன்.

ஒருவன் கிடைக்கவும் கிடைத்தான். ரீசார்ஜ் கடையில் வேலை. ஒருநாள் மழையில் படியிறங்கும்போது "பாத்துப் போங்க" என்றான். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் மாடி வீடே கட்டிவிட்டேன். பிளஸ் டூ படிக்கும்போது பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் முதல் தடவையாக எதிரெதிரே உட்கார்ந்து பேசினோம். சட்டைக் காலர் நைந்திருந்தது. கட்டைவிரலில் பிளாஸ்டர். கொஞ்ச நேரம் ஸ்ட்ராவைத் திருகிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்: "எங்கம்மாவுக்கு சுகர். நைனா குடிச்சிட்டு வந்து அடிக்கிறாரு. என்னால ஒண்ணும் பண்ண முடியல. கல்யாணம் ஆயி வந்தா நீ அம்மாவைப் பாத்துக்குவல்ல?"

அவனும் ஒரு காருக்காகத்தான் காத்திருந்தான். அந்தக் கார் நானாம்!

எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஜூஸ் காசை ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டு எழுந்தோம். அவன் நல்லவன்தான். இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான், பார்த்தால் சிரிப்பான்.

அதற்குப் பிறகு திண்ணையில் படிக்கும்போது ஒரு சந்தேகம் வந்துகொண்டே இருந்தது. காரில் ஏறிப் போய்விட்டாளே, அந்த வீட்டில் அவள் அம்மா என்ன ஆனாள்? எந்த நாவலிலும் அதற்கு ஒரு வரி கிடையாது. ஒருநாள் நானாகவே கடைசிப் பக்கத்தில், கதாநாயகி மறுநாள் திரும்பி வந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனதாகச் சேர்த்துப் படித்தேன். நீங்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அம்மா மட்டும் நூலைப் பல்லில் கடித்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

எங்கள் அக்கா விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவளை இந்தத் தெருவே சேர்ந்துதான் கட்டிக்கொடுத்தது. குடிகாரன் வீட்டில் வயசுப் பெண் எதற்கு என்று நீங்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள். அவளும் சந்தோஷமாகத்தான் போனாள், காரில் ஏறுகிற மாதிரி. இரண்டே வருடத்தில் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். அங்கேயும் ராத்திரி செருப்புச் சத்தம். இதற்கு மேல் எழுதினால் அவள் என்னைத் திட்டுவாள்.

எனக்கு அந்தக் கனவு எந்த நாள் போனது என்று சொல்லத் தெரியாது. ஷூ கம்பெனியில் சேர்ந்தேன். காலை ஆறரைக்கு பஸ், ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலை. முதல் சம்பளத்தில் பூட்டுப் போட்ட ஒரு டிரங்குப் பெட்டி வாங்கினேன். சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டேன். நைனா கைக்குப் போகாமல் எங்கள் வீட்டில் தங்கிய முதல் பணம் அதில்தான் இருந்தது. நைனா இரண்டு தடவை பூட்டை உடைக்கப் பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார். சாவி வந்த பிறகு வெள்ளைக் கார் வருவது குறைந்துபோயிற்று. இன்றைக்கும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் எப்போதாவது வரும். வரட்டும். காதலே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

வைகாசி முதல் நாள் நாம் எல்லோரும் கெங்கையம்மன் சிரசு பார்க்கப் போகிறோம். ஆயா சொன்ன கதை உங்களுக்கும் தெரியும். ரேணுகா ஆற்று மணலிலேயே குடம் செய்து தண்ணீர் கொண்டுவருகிறவள். ஒருநாள் வானத்தில் போன கந்தர்வனின் நிழலைத் தண்ணீரில் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டாள், குடம் சேரவில்லை. அதற்குப் புருஷன் சொல்ல மகனே தலையை வெட்டினான். நிழலைத்தான் பார்த்தாள், ஆளைக்கூட இல்லை! அந்தத் தலையைத்தான் தெருத் தெருவாகத் தூக்கிவந்து, கௌண்டன்ய ஆற்றங்கரைக் கோயிலில் உடம்போடு பொருத்திக் கும்பிடுகிறோம். தேங்காய் உடைகிற சத்தத்தில் போன வருடம் உங்களில் மூன்று பேருக்கு அருள் வந்தது. போன் திரையில் ஒரு நிழலைப் பார்த்த நம் பெண்ணை மட்டும் ஆவணிக்குள் முடித்துவிட வேண்டுமா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் வருடக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18 நிரம்பாமல் கல்யாணம் செய்வது குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பெற்றவர்கள் மட்டும் இல்லை, முன்னின்று நடத்தும் சங்கத்து ஆட்களும் அதில் வருவார்கள். பெண்களுக்கு ஜெயில் கிடையாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதனால் தீர்மானம் போடுவது நீங்கள், உள்ளே போவது உங்கள் வீட்டு ஆண்கள். சிலருக்கு அதுவும் சரிதான் என்று தோன்றலாம். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உள்கடன் நோட்டு நான்கு வருடமாக என் கையில்தான் இருக்கிறது. கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. படிப்புக்கு என்று இரண்டே இரண்டு. இரண்டும் பையன்களுக்கு. அரசாங்கமே மாற்றிக்கொண்டுவிட்டது அக்கா. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் இருந்து ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குக் கொடுத்துவந்த உதவியை 2022-ல் புதுமைப் பெண் திட்டமாக்கி, அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் மேலே படித்தால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள். அவள் அரசுப் பள்ளியில் படித்தவள்தான். அவள் அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அட்டையும் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு அதிலும் உதவித்தொகை உண்டு. நம் தெருவில் பாதி வீடுகளில் அந்த அட்டை அரிசி டப்பாவுக்கு அடியில்தானே கிடக்கிறது?

நம் ஊரிலேயே திருமகள் ஆலைக் கல்லூரி இருக்கிறதே, வீட்டில் இருந்து போய்வரட்டும் என்பீர்கள். அவளுக்கு வேண்டியது கல்லூரி மட்டும் இல்லை, ராத்திரி நிம்மதியாகத் தூங்க ஓர் இடம். வேலூரில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அங்கே கல்லூரிப் பெண்களுக்கு அரசு விடுதிகள் இருக்கின்றன. இடம் கிடைத்தால் பெட்டி, பாய், புத்தகம், முதல் மாதச் செலவு எல்லாவற்றுக்கும் 10,000 போதும். ஜாமீன் கையெழுத்து நான் போடுகிறேன்.

அவள் போய்விட்டால் அவள் அம்மா தனியாக இருப்பாள். நாவல்காரர்கள் எழுதாமல் விட்ட இடம் அதுதான், நாமும் விட்டுவிட வேண்டாம். அடுத்த தடவை ஒன்பதரைக்குச் சத்தம் கேட்டால் டிவியை நிறுத்திவிட்டு நாலு பேர் போய் அந்த வாசலில் நிற்போம். சண்டை போட வேண்டாம், சும்மா நின்றால் போதும். மீறிப் போனால் பெண்கள் உதவி எண் 181-க்கு நான் போன் செய்கிறேன், என் பெயரிலேயே.

வரும் ஞாயிறு நாலு மணிக்குக் கூட்டம். நோட்டில் அந்த நான்கு வரி அப்படியே இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. கேட்காமல் எதையும் எழுதிவிட மாட்டேன், பயப்படாதீர்கள். மை உள்ள பேனாவாகக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
நோட்டு எழுதும் பாப்பா,
குடியாத்தம்