சிங்கப்பூர்ல என் வேலை என்னன்னா

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கேன். சித்தப்பா போன்ல என்ன சப்ஜெக்ட் எடுக்குறேன்னு கேட்டாரு, ஃபிசிக்ஸ்னு சொல்லித் தப்பிச்சுட்டேன், உங்ககிட்டயாவது ஒழுங்கா சொல்றேன். நான் இங்க பசங்களுக்குப் பாடம் எடுக்கல, பாடம் எடுக்குற புரொஃபசருங்க கூட உக்காந்து எப்படி எடுக்கலாம்னு யோசிச்சுக் குடுக்குற வேலை. பள்ளிக்கூட வாத்தியாருக்கு பி.எட் கேக்குறாங்க, யூனிவர்சிட்டிக்கு பிஎச்டி போதும், விநோதம் தான்.

"நீ எனக்கு சொல்லித் தர்றியா"ன்னு சிலர் மூஞ்சியிலயே தெரியும். அவங்ககிட்ட ஹார்வர்ட் ஃபிசிக்ஸ் புரொஃபசர் எரிக் மஸூர் பத்தி ஆரம்பிச்சுடுவேன். அவர்கிட்ட படிக்கிற பசங்க கணக்கெல்லாம் போட்டுடுவாங்களாம், ஆனா லாரியும் காரும் மோதுனா எது மேல விசை அதிகம்னு கேட்டா நெறைய பேர் தப்பா சொல்லியிருக்காங்க (ரெண்டுக்கும் சமம்னு உங்களுக்குத் தெரியும்). 1991லேருந்து அவர் வகுப்பு நடுவுல ஒரு கேள்வி போட்டு, தனித்தனியா பதில் வாங்கி, பக்கத்துல இருக்குறவங்க கூட பேச விட்டு, மறுபடி பதில் வாங்க ஆரம்பிச்சாரு.

போன வாரம் புதுசா சேந்த ஒருத்தர் வகுப்புல கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன், "டவுட் இருக்கா"ன்னு கேட்டுட்டு மூச்சு விடக்கூட டைம் குடுக்காம அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாரு. இங்க பசங்களுக்குத் தெரியாம இல்லப்பா, நாலு பேர் முன்னாடி தப்பா சொல்லிடுவோமோன்னு பயம். அடுத்த வகுப்புக்கு ஒரே ஒரு கேள்வி சேத்தோம்: ஏசி ரூம்ல ராத்திரி பூரா கெடந்த இரும்பு ஸ்கேல், மர ஸ்கேல், எதுக்கு டெம்பரேச்சர் கம்மி? போன்ல ஓட்டு, பாதிக்கு மேல இரும்புன்னுட்டாங்க. பேச விட்டதும் ரூம் சந்தைக்கடை ஆயிடுச்சு, ஒரு பொண்ணு எந்திரிச்சு "தொட்டா ஜில்லுன்னு இருக்கும், ஏன்னா சூட்ட வேகமா இழுத்துக்கும், மத்தபடி ரெண்டும் ஒண்ணு தான்"னுச்சு, ரெண்டாவது ஓட்டுல எல்லாம் அந்தப் பக்கம் சாஞ்சுடுச்சு.

பூன் லேங்குற ஏரியாவுலேருந்து 179 பஸ் புடிச்சா நன்யாங் யூனிவர்சிட்டி, அங்க 2015ல தெறந்த ஹைவ்னு ஒரு பில்டிங், டிம்சம்னு சீனக் கொழுக்கட்டை அவிக்கிற மூங்கில் கூடைய அடுக்குன மாதிரியே இருக்கும். ரூமெல்லாம் வட்டம், புரொஃபசர் நிக்க முன்பக்கம்னு ஒண்ணு கெடையாது. எனக்கு ரொம்பப் புடிச்சது, ஆனா வட்ட ரூம்லயும் லெக்சர் அடிக்கிறவர் அடிக்கத்தான் செய்வாரு.

ப்ரமோஷன்னு வந்தா பெரும்பாலும் ரிசர்ச் பேப்பருக்குத் தான் மவுசு, அதனால நாங்களும் பேப்பர் எழுதுறோம், வகுப்பறையில என்ன நடக்குதுன்னு. இந்த செமஸ்டர் கேள்வித்தாள் எடுக்குறதப் பத்தி ஒரு ஒர்க்ஷாப் வச்சிருக்கேன். நீங்க பத்தாங்கிளாஸுக்கு எடுத்த பழைய கேள்வித்தாள் பரண்ல இருந்தா தம்பிய விட்டு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அம்மாவ மாத்திரைய விடாம சாப்பிடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க மக