பையன்களின் வரிசையில் ரோஸ் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் 22 ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் தைத்த ஒவ்வோர் உடையிலிருந்தும் விரல் அகலத்துக்கு வெட்டுத்துணி எடுத்து வைத்தேன். பெண் பிள்ளைகளுடையதை ஒரு வரிசையாகவும் பையன்களுடையதை அதன் கீழேயும் சேர்த்துத் தைத்தேன். மேலே ரோஸும் மஞ்சளும் ஊதாவும் நிறைந்துவிட்டன. கீழே கருநீலம், பழுப்பு, சாம்பல். ரோஸ் ஒன்றுகூட இல்லை. கணக்குப் புத்தகத்தில் தெரியாதது துணியில் பளிச்சென்று தெரிந்தது.

ஒரு பையன் ரோஸ் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். “அது பொம்பளப் பிள்ளை கலர்” என்று பாட்டி கையைத் தட்டிவிட்டார். எனக்கு மனசே சரியில்லை. 1918இல் அமெரிக்காவின் குழந்தை உடை வணிக இதழ் ஒன்று, ஆண் குழந்தைக்குத்தான் ரோஸ், பெண்ணுக்கு நீலம் என்று எழுதியது. நம் ரப்பர் தோட்டத்திலும் பால்மரம் வெட்டப் போன என் அம்மாவும் அப்பாவும் ஒரே மாதிரி முழுக்கைச் சட்டைதான் போட்டார்கள். பால் பட்டுப் பட்டு இரண்டும் கறுத்துக் கிடக்கும்.

இந்தத் தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது பையனையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம் அவன் கைகாட்டும் துணியைத் தைக்கக் கொடுங்கள். கீழ் வரிசையில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தையல்கடை வாசகி,
சுங்கை சிப்புட், பேரா